அளந்து அனுப்பிய நூல்

சேலம், பெண்கள் போதனாமுறைப் பள்ளி விடுதி
12-7-1936

நங்கைக்குப் பொன்னாத்தாள் எழுதுவது.

போன வருஷம் முழுக்கத் தபால் அட்டையில் ரெண்டு வரி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டையை அண்ணனும் படிப்பார், தபால்காரரும் படிப்பார் என்று சுகத்தை விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்றைக்குத்தான் கவர் வாங்கினேன். இது உங்களுக்கு மட்டும்.

அண்ணன் இன்னும் என் பேரைச் சொல்வதில்லையா? "தாலியறுத்தவ சேலத்துல போயிக் குந்திக்கிட்டுப் படிச்சாத்தான் இந்த ஊடு வெளங்குமா? போனாப் போனதுதான், திரும்பி இந்தப் படி மிதிக்க வேண்டாம்" என்று அவர் கத்தியது காதை விட்டுப் போகவில்லை. செல்லாயியின் அப்பா காலராவில் போனபோது எனக்கு இருபது வயசு. ஆயுசு முழுக்க உங்கள் வீட்டு உள்ளறையில் சோளம் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் பெண்டாட்டி நாத்தனாருக்காகப் பேசலாமா என்றுகூடப் பார்க்காமல், அவர் முன்னாலேயே செல்லாயிப் பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போ அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

இந்த வருஷம் டீச்சர் டிரெயினிங் பரீட்சையில் கைவேலையும் உண்டு. குரோஷா என்று ஒரு பின்னல். ஒரே ஊசி, அதன் மூக்கில் ஒரு கொக்கி. நூலை இடது கை விரலில் சுற்றிக்கொண்டு கொக்கியால் இழுத்து இழுத்துக் கண் வைக்க வேண்டும். முதலில் சங்கிலி. அதன் மேல் இரண்டு விதமான கண். டீச்சர் இங்கிலீஷில் சொல்லும் பேர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை, குட்டை, நெட்டை என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். குட்டைக்குக் கொக்கியை உள்ளே விட்டு நூலை இழுத்து, இருக்கிற இரண்டு வளையத்தையும் ஒன்றாக்கினால் ஆயிற்று. நெட்டைக்கு முன்னாலேயே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். மூன்று வளையம் நிற்கும், இரண்டிரண்டாகக் கழிக்க வேண்டும்.

தனித்தனியாகப் போடச் சொன்னால் எனக்கு இரண்டும் வருகிறது. ஒரு வரிசை குட்டை, அதன் மேல் ஒரு வரிசை நெட்டை என்று சேர்த்துப் போடச் சொன்னால் கை குழம்பிவிடுகிறது. சதுரமாக வர வேண்டியது முக்கோணமாக வந்து நிற்கிறது. "நூல் என்ன ஓடியா போகிறது, ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறாய்?" என்று டீச்சர் வைகிறார். அந்த முக்கோணத்தை இதோடு வைத்திருக்கிறேன், பாப்பாவின் மரப்பாச்சிக்காவது ஆகட்டும்.

பாப்பா என்னைக் கேட்கிறாளா?

பொன்னாத்தாள்


வேலாங்காடு, நாமக்கல் வழி
தாது வருஷம் ஆவணி 8

அம்மிணி பொன்னாத்தாளுக்கு நங்கை வள்ளியாத்தாள்.

உன் கடுதாசி வந்தது. கடுதாசிக்குள்ளிருந்து முக்கோணம் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அட ஆத்தே, இத்தனை பெரிய சேலத்துக்குப் போய் ஒரு சதுரம் போடத் தெரியவில்லையே உனக்கு! நான் நாலாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. சிரிக்க மட்டும் தெரியும்.

பாப்பா அதைப் பிடித்து இழுத்தாள். ஒரு நுனி கையில் வந்தது, அது பாட்டுக்கு மளமளவென்று அவிழ்ந்துகொண்டே போயிற்று. ஐயோ, பொன்னாத்தாள் இத்தனை பாடுபட்டுப் பின்னியது என்று பிடுங்கி வைத்தேன். அப்புறம் நானே மெதுவாக ஒவ்வொரு கண்ணாக அவிழ்த்துப் பார்த்தேன். அவிழ்க்க அவிழ்க்க, இது எந்த வழியாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. அதே வழியில் திருப்பிப் போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒரு குடைக்கம்பியை ஆசாரியிடம் கொடுத்துக் கொக்கி வைத்து வாங்கிக்கொண்டேன். உங்கண்ணன் இரண்டு நாளாகக் குடை எங்கே, குடை எங்கே என்று கத்திக்கொண்டிருக்கிறார். மழை வந்தால் என் பாடு தீர்ந்தது.

நான் போட்டதில் விரலே நுழைகிறது, அத்தனை ஓட்டை. நீ இறுக்குகிறாய், நான் தொளதொளவென்று விடுகிறேன். இரண்டு பேர் கையையும் சேர்த்து ஒரு கை பண்ணினால் சரியாக இருக்கும்.

நீ கேட்டதற்கு: பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறாள். களியும் கீரையும் என்றால் உயிர். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "அத்தைன்னு சொல்லு சாமி" என்று திருத்தினேன். ஒரு நாள் திருத்தினேன். நீ வெசனப்படாமல் படி.

வள்ளியாத்தாள்


சேலம்
18-10-1936

நங்கைக்கு,

முக்கோணத்தின் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது மேலே ஏறப் படி வைக்க வேண்டுமாம். குட்டைக்கு ஒரு சங்கிலி, நெட்டைக்கு மூன்று சங்கிலி. நான் படி வைக்காமல் திரும்பியதால் ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் ஒரு கண்ணை முழுங்கிக்கொண்டே வந்திருக்கிறேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது என் சதுரம் சதுரமாக வருகிறது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் போனார், அதுவே பெரிசு.

பரீட்சைக்கு ஒரு குழந்தைக் குல்லாய் பின்னிக் காட்ட வேண்டும். உச்சி குட்டைக் கண்ணில், சுற்று நெட்டைக் கண்ணில், விளிம்பு உங்கள் இஷ்டம் என்றார் டீச்சர். மற்றப் பெண்கள் ஏதோ ஓர் அளவுக்குப் போடுகிறார்கள். நான் செல்லாயி தலைக்குத்தான் போடுவேன். ஒரு நூலை அவள் தலையைச் சுற்றி, முடியோடு சேர்த்து அளந்து, அறுத்து அனுப்புங்கள்.

முடி என்றதும் இன்னொன்று. அவள் அப்பா இருந்தபோதே தன் கூட்டத்துக் குலசாமி, ஆற்றோரத்துச் செல்லாண்டியம்மனுக்கு முதல் முடி கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். அந்தச் சாமி பேரைத்தான் பிள்ளைக்கும் வைத்தார். அவர் போன துக்கத்தில் தள்ளிப் போய்விட்டது. சித்திரையில் பரீட்சை முடிந்ததும் நான் வந்து அதைச் செய்துவிட வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே இறக்க வேண்டும், அதற்குள் அண்ணன் கோபம் ஆறிவிடாதா? அதுவரைக்கும் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கென்று நான் செய்ய மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

பொன்னாத்தாள்


வேலாங்காடு
தாது வருஷம் மார்கழி 12

அம்மிணிக்கு,

நூல் இதற்குள் இருக்கிறது. முடி காடாக மண்டிக் கிடக்கிறது, சீப்பு இறங்க மாட்டேன் என்கிறது. அளக்கும் வரைக்கும் தலையை ஆட்டாமல் இருக்க ஒரு முழு வெல்லக்கட்டி கொடுக்க வேண்டியிருந்தது. காதுக்கும் பிடரிக்கும் மேலே சுற்றி அளந்தேன். சரியாக இருக்கும்.

நான் ஒரு வித்தை கண்டுபிடித்தேன், கேள். ஒரே கண்ணுக்குள் அஞ்சு நெட்டையைத் திணித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, பாப்பா கதை கேட்டுக்கொண்டே இருந்தாள், கை பாட்டுக்குப் போட்டுவிட்டது. பார்த்தால் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு குட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, மறுபடியும் அஞ்சு நெட்டை. அப்படியே வரிசையாகப் போனால் விளிம்பு அத்தனை அழகாக வருகிறது. தனியாகக் குட்டைக்கும் அழகில்லை, தனியாக நெட்டைக்கும் அழகில்லை. உன் குல்லாய் விளிம்புக்கு இதைப் போடு. நான் சொன்னதாக டீச்சரிடம் சொல்லாதே, அப்புறம் என்னை வந்து பரீட்சை எழுதச் சொல்லுவார்.

உங்கள் சித்தப்பன் நாச்சிமுத்து வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, என் காதில் விழட்டும் என்றுதான் பேசினார். "ஏம்ப்பா சென்னியப்பா, இத்தனை பண்ணயம் இருக்குது, ஆள ஒரு உசுரு வேண்டாமா? பரமத்திப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குது. கேட்டுப் பாக்கட்டுமா?" உங்கண்ணன் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாப்பா ஓடிப்போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பேச்சு நின்றது. நான் அடுப்படியில் நின்றுகொண்டு, நல்ல நேரத்தில் ஏறினாய் சாமி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷமாக எனக்கு வயிறு திறக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

வள்ளியாத்தாள்


சேலம்
21-2-1937

நங்கைக்கு,

உங்கள் விசிறி விளிம்பைப் பார்த்துவிட்டு, "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் டீச்சர். எங்கள் ஊரில் ஒருவர் என்றேன். அது போதும் உங்களுக்கு.

ஆனால் குல்லாய் போயிற்று. உச்சியிலே கண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டாவிட்டால் கிண்ணமாகக் குழிகிறது, அதிகம் கூட்டினால் சேவல் கொண்டை மாதிரி சுருண்டுகொள்கிறது. ஒருவழியாகத் தட்டையாகக் கொண்டுவந்து, சுற்றையும் விளிம்பையும் முடித்து, அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் அலசினேன். சுருங்கிவிட்டது! புதிதாகத்தான் போட வேண்டும். "பிள்ளை வளர்ந்திருப்பாள், புது அளவு வாங்கிக்கொள்" என்றார் டீச்சர்.

ஆகவே இன்னொரு நூல் அனுப்புங்கள். சித்தப்பா பேச்சை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார்.

பொன்னாத்தாள்


வேலாங்காடு
தாது வருஷம் பங்குனி 3

அம்மிணிக்கு,

நூல் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை அதிகம், அதனால் தாமதம். பாப்பா சுகம். எல்லாரும் சுகம்.

வள்ளியாத்தாள்


சேலம்
24-3-1937

நங்கைக்கு,

இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்கழியில் வந்ததைவிடப் பங்குனியில் வந்தது இரண்டு விரல்கடை குறைகிறது. நீங்கள் தவறாக அளந்திருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். முடிச்சைப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். நாலு வயசுப் பிள்ளையின் தலை வளரும். சுருங்காது.

தலை சுருங்கவில்லை என்றால் முடிதான் இல்லை.

காய்ச்சல் கண்டு மழித்தீர்களா? அப்படியானால் அதைச் சொல்லுங்கள், நான் பயப்பட மாட்டேன். வேறு ஏதாவது என்றால் அதையும் சொல்லுங்கள். எந்தக் கோயிலில்?

பொன்னாத்தாள்


வேலாங்காடு
தாது வருஷம் பங்குனி 20

அம்மிணிக்கு,

காய்ச்சல் இல்லை. காய்ச்சல் என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள், எங்கள் கூட்டத்துப் பொன்காளியம்மன் கோயிலில். உங்கண்ணன் மடியில் உட்கார வைத்து. காதும் குத்தினோம். பாப்பா அழுதாள், அப்புறம் பொரி கொடுத்ததும் சிரித்தாள்.

மாசி பிறந்ததும் உங்கள் சித்தப்பன் ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டார், அந்தப் பரமத்திப் பெண்ணின் ஜாதகம். உங்கண்ணன் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. விடிந்ததும் என்னிடம் வந்து சொன்னார்: "நம்ம கோயல்ல முடி எறக்கிட்டா இது நம்ம புள்ளதான். அப்பறம் எவன் வந்து வாரிசு கேக்கறான்னு பாக்கறேன்." எனக்காகத்தான் செய்தார் அம்மிணி. அந்த மனுஷனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அது அவ அப்பன் நேந்த முடிங்க, அவ ஆத்தா வரட்டுங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. பரமத்திக்காரி இந்த வாசல் ஏறாமல் போவாள் என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது. உனக்குச் சொல்லி அனுப்பவும் பயம். நீ வேண்டாம் என்பாய், வேண்டாம் என்றால் நடக்காது.

நூலைக் கொஞ்சம் நீளமாக அறுத்து அனுப்பியிருந்தால் உனக்குத் தெரியவே வந்திருக்காது. அறுக்கும்போது நினைத்தேன். குல்லாய் தொளதொளவென்று வந்து உனக்குப் பரீட்சை போய்விடுமே என்று அளந்ததை அளந்தபடி அறுத்தேன்.

வள்ளியாத்தாள்


சேலம்
11-4-1937

வள்ளியாத்தாள் அவர்களுக்கு,

முடி வளரும். முதல் முடி வளராது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அவர் சாகிறபோது பேசக்கூட முடியவில்லை, பிள்ளையின் தலையைத்தான் தடவினார். நான் அவர் கூட்டத்துக் கோயிலுக்கு இனிமேல் எந்த முகத்தோடு போவேன்? நேர்ந்த முடி எங்கே என்று கேட்டால், என் அண்ணன் பெண்டாட்டிக்குச் சக்களத்தி வராமல் இருக்க வேறு சாமிக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லட்டுமா? உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் பயத்துக்கு என் பிள்ளையா கிடைத்தாள்? அவள் அப்பனுக்கு மிச்சம் இருந்த ஒன்றா கிடைத்தது?

உள்ளறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று வந்தேனே, அதற்குத்தான் இது என்று ஊரில் சொல்லுவார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன். என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பொன்னாத்தாள்


வேலாங்காடு
ஈசுவர வருஷம் வைகாசி 14

அம்மிணிக்கு,

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். அந்த வெயிலில் வேலிகளுக்கு நடுவே இட்டேரி வழியாக நீ நடந்து போனதைப் படலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை மேல் வருத்தப்படாதே. இரண்டு வயசில் பார்த்த முகம், அவளுக்கு என்ன தெரியும்? வெள்ளைச் சீலையோடு யாரோ வந்து, "வா கண்ணு, அம்மாட்ட வா" என்று கை நீட்டினால் எந்தப் பிள்ளையும் ஒளியத்தான் ஒளியும். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் அம்மா, அவ போகட்டும்" என்றாளே, அதை நீ கேட்டிருக்கக் கூடாது. உங்கண்ணன் வேறு இரண்டு வருஷம் கழித்து உன்னிடம் பேசின முதல் பேச்சு, "புள்ளையே வரலீங்குது, அப்பறம் என்ன?" என்பதுதான். அவருக்கு வேறு பேச்சு வாய்த்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் கை என் முந்தானையில் இருந்தது, நீ பார்த்தாய். என் கை அவள் முதுகில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் எடுக்காமல் நின்றேன். அதையும் நீ பார்த்தாய் என்று நினைக்கிறேன்.

வள்ளியாத்தாள்


ஓமலூர்
4-7-1937

நங்கைக்கு,

பரீட்சை தேறிவிட்டேன். கைவேலையிலும் நல்ல மார்க். ஓமலூரில் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்குப் பின்னாலேயே ஓர் அறை, முன்னால் ஒரு முருங்கை மரம். பக்கத்து வீட்டில் ராமாயி என்று ஒரு அம்மாள், நல்ல மாதிரி. ஒண்ணாவது வகுப்பில் செல்லாயியை என் முன்னாலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம்.

இது சண்டைக் கடுதாசி இல்லை. சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன், வெறும் கையோடு வந்தேன். நான் கூப்பிட்டால் அவள் வர மாட்டாள், அண்ணன் சொன்னாலும் வர மாட்டாள். நீங்கள் சொன்னால் வருவாள். இந்த உலகத்தில் நீங்கள் ஒருத்தி சொன்னால்தான்.

அவளை அனுப்பினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஜாதகம் இன்னும் சித்தப்பா மடியில்தான் இருக்கும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். அவளையும் விட்டுவிட்டால் நான் எதற்குப் படித்தேன், எதற்கு இந்த அறை? நீங்கள் என்னைத் திட்டினாலும் சரிதான். பிள்ளையைக் கொடுங்கள் நங்கை.

பொன்னாத்தாள்


வேலாங்காடு
ஈசுவர வருஷம் ஆடி 6

அம்மிணிக்கு,

ஆடியில் பிள்ளையை வாசல் மாற்றக் கூடாது. ஆவணி பிறக்கட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன். உங்கண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

இந்த ஒரு மாசம் மட்டும் கடுதாசி போடாதே. எனக்கு அவளோடு வேலை இருக்கிறது. "ஓமலூர்ல இருக்கறதுதான் அம்மா, நான் அத்தை" என்று தினமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அன்றைக்கே விடாமல் திருத்தியிருந்தால் இப்போது இத்தனை பாடு இல்லை.

வள்ளியாத்தாள்


ஓமலூர்
28-11-1937

நங்கைக்கு,

நம் ஊர்க் கருப்பண்ணன் மாமா கடலைக்காய் மூட்டை போட ஓமலூர் வந்திருந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, ஐப்பசியிலேயே அண்ணன் கல்யாணம் முடிந்துவிட்டது என்று. அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவள் செய்ய வேண்டிய சீரை யார் செய்தார்கள்? தாலியறுத்த என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், தெரியும். அன்றைக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "உள்ளூட்டுல கண்டேன்" என்றார். நான் உட்கார மாட்டேன் என்று ஓடிவந்த அதே அறை.

நீங்கள் பாப்பாவை என் அறையில் விட்டுவிட்டு, "தண்ணி கொண்டாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத ஆசை. பாதி நாள் அப்படித்தான். அவள் என் கையால் சாப்பிடுகிறாள், அ ஆ எழுதுகிறாள். மீதி நாள் வாசலில் நின்றுகொண்டு, "அந்த அம்மா தண்ணி எடுக்கப் போச்சே, இன்னும் ஏன் வரலை?" என்கிறாள். நான் கொக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது என் பின்னலும் தொளதொளவென்றுதான் வருகிறது.

கேட்டது நான். கொடுத்தது நீங்கள். நான் கேட்ட அன்றைக்கு உங்களை நினைத்தேன், ஆனால் நினைத்துவிட்டுக் கேட்டேன். அதுதான் நங்கை என்னால் பொறுக்க முடியவில்லை. நேர்ந்த முடி போயிற்று என்று உங்களைத் திட்டினேனே, உங்கள் வீட்டையே நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த அறையில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் பொங்கலுக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணன் என்ன சொன்னாலும் சரி, இரண்டு நாளாவது உங்கள் மடியில் இருக்கட்டும்.

பொன்னாத்தாள்


வேலாங்காடு
ஈசுவர வருஷம் மார்கழி 9

அம்மிணிக்கு,

நீ ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் பிள்ளையை உன்னிடம் விட்டேன், அவ்வளவுதான். கணக்கில்லாமல் அழாதே.

வந்தவள் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறாள். பதினாறு வயசு. என்னை அக்கா என்கிறாள். திட்டலாம் என்று எத்தனையோ நாள் வாயைக் கூட்டிப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தால் வார்த்தை வருவதில்லை. களி கிண்டத் தெரியவில்லை, கட்டி தட்டுகிறது. சித்தப்பன் வந்து சாப்பிட்டுவிட்டு, "இதென்ன களியா?" என்றார். "உங்க பரமத்தி ஜாதகத்துல களி எழுதலைங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன். உங்கண்ணன் எழுந்து மாட்டுக் கட்டுத்தறைப் பக்கம் போய்விட்டார், சிரித்தாரோ என்னவோ.

ஓமலூருக்கு வரச் சொல்கிறாய். நான் எங்கே வருவேன்? மாட்டை யார் பார்ப்பது, இந்தப் பிள்ளைக்கு யார் சோறாக்கச் சொல்லிக்கொடுப்பது? அதெல்லாம் இருக்கட்டும். வந்தால் நான் திரும்பிப் போக மாட்டேன், மறுபடியும் உன் வீட்டில் இரண்டு அம்மா ஆகிவிடும். அவள் அந்தப் பாடு பட்டது போதும்.

பொங்கலுக்கும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அவள் வந்தால் இரண்டு நாள் என் மடியில் இருப்பாள். மூன்றாம் நாள் நான் மறுபடியும் அவள் விரலை ஒவ்வொன்றாக என் சீலையிலிருந்து பிரிக்க வேண்டும். ஆவணியில் பிரித்தேன். இன்னொருக்கா என் கையால் ஆகாது.

உன் முதல் கடுதாசியில் பாப்பா உன்னைக் கேட்கிறாளா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. நீ போன புதிதில் கேட்டாள். எங்காவது மோட்டார் சத்தம் கேட்டால் போதும், விழுந்தடித்துக்கொண்டு இட்டேரிக்கு ஓடுவாள். சோற்றைத் துப்புவாள். உன் பழைய சீலையை விரித்தால்தான் படுப்பாள். உனக்கு எழுதினால் நீ படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று எழுதவில்லை. உனக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அழும்போதெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்கம்மா நாளைக்கு வந்துருவா சாமி" என்பேன். தினமும் அதையேதான் சொன்னேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னையும் அப்படித்தான் நிறுத்திவிடுவாள், பிள்ளைதானே. அதுவரைக்கும் நீயும் அதையே சொல்லு. நாளைக்கு வந்துருவான்னு சொல்லு.

வள்ளியாத்தாள்